வேலிக்கு அங்கால்

பயிற்சியாளனாக வந்த மூன்றாம் கிழமையே அன்ட்ரூ, அணியில் இருந்து ஜெனாட்டைத் தூக்கி வெளியில் இருத்தினான். காரணம் கேட்டபோது உள்ளங்கையை விரித்துக் காட்டினான். கையில் ஒரு சின்ன இரும்புப் பொறி. கோயில் திருவிழாவில் வாசலில் நின்று ஆட்களை எண்ணுவார்களே, அந்தச் சாமான். கட்டைவிரலால் அமத்தினால் ஒரு இலக்கம் கூடும். அதில் நாலு என்று நின்றது.

"அம்பது நிமிசத்தில நாலு," என்றான். "அதிலயும் ரெண்டு தரம் ஆரோ உன்னைக் கூப்பிட்டவை."

"என்ன நாலு?"

"நீ தலையைத் திருப்பிப் பின்னால பாத்தது."

ஜெனாட் சிரித்தான். அன்ட்ரூ சிரிக்கவில்லை. அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

ஜெனாட்டுக்கு வயது முப்பத்துமூன்று. சின்னக்குடா ஊராரின் சென் செபஸ்ரியன் உதைபந்தாட்டக் கழகத்தின் ஆறாம் இலக்கச் சட்டை எட்டு வருடமாக அவனுடைய முதுகில் இருந்தது. கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டவன். பிறம்ரனில் ஒரு வேர்ஹவுசில் இரவு வேலை. கிழமையில் ஐந்து நாள் ஃபோர்க்லிஃப்ட். அங்கே அவனுடைய பெயர் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அவனும் இடம் கொடுக்கவில்லை. அவனுக்கென்று உலகத்தில் இருந்த இடம், ஸ்காபரோவில் ஒரு பூங்கா மைதானத்தில் நடுவட்டத்துக்குக் கொஞ்சம் பின்னால் கிடந்த இருபது அடிப் புல். கோடை முழுவதும் அதில் நிற்பான். அங்கே நின்றால் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

அந்த இடம் இப்போது பிரவீனனுக்குப் போயிருந்தது. இருபத்தொரு வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன். கழுத்தில் ஆணி கழன்ற மாதிரி ஓயாமல் தலையை அங்கும் இங்கும் திருப்பிக்கொண்டு ஓடுவான். பார்க்கவே ஜெனாட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்ட்ரூவைக் கொண்டுவந்தவர் கழகத் தலைவர் அருள்நாயகம். போன வருட இறுதி ஆட்டத்தில் நெடுங்கரைக்காரர் ஒரு கோலால் வென்றார்கள். ஜெனாட்டின் காலில் இருந்த பந்தை விதுர்சன் என்கிறவன் பின்னால் வந்து உருவிக்கொண்டு போய் அடித்த கோல். எல்லோரும் அதை விதி என்றார்கள். ஜெனாட்டும் அப்படித்தான் சொன்னான். பனிக்காலத்தில் அருள்நாயகம் தன்னுடைய பெறாமகள், தம்பியின் மகள் நதீஷாவின் புருசன் அன்ட்ரூவைப் பிடித்தார். "எங்கட ஊர் மாப்பிள்ளை. பிரான்சில முதலாம் டிவிஷன் விளையாடினவர்," என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். பொடியன்கள் வாயைப் பிளந்தார்கள்.

ஜெனாட் சாப்பாட்டு இடைவேளைகளில் ஃபோனில் தேடத் தொடங்கினான். ஒருவனை வெறுப்பதற்கு அவனைப் பற்றிய தகவல் வேண்டும்.

தகவல் நிறையவே இருந்தது. பாரிசுக்கு வெளியில் தொடர்மாடியில் பிறந்தவன். தாய் தகப்பன் மன்னார். பதினாறு வயதில் வடக்கே ஒரு சுரங்க நகரத்துக் கழகம் எடுத்து வளர்த்தது. பதினாலு வருடம், ஆறு கழகம், பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் டிவிஷன். இருநூற்று எண்பத்தேழு ஆட்டம். கோல் ஐந்து. மஞ்சள் அட்டை எழுபத்துநாலு, சிவப்பு பதினொன்று. முதலாம் டிவிஷனில் ஒரே ஒரு வசந்தகாலம், எட்டு ஆட்டம், அதோடு முடிந்தது. முழங்கால் விட்டபிறகு பயிற்சியாளன். மூன்று கழகம், மூன்றிலும் துரத்தல். ஒரு கழகத்தில், தலைவரின் மருமகனை எடுக்கமாட்டேன் என்று பேப்பருக்கே சொல்லியிருக்கிறான். இன்னொன்றில், நடுவரின் விசிலைப் பறித்துப் பார்வையாளர் பக்கம் எறிந்தான். பிறகு கனடா. இப்போது பிக்கரிங்கில் வீடு, பகலில் பாடசாலை பஸ் ஓட்டம்.

அந்த எட்டு ஆட்டத்தில் ஒன்றின் வீடியோத் துண்டும் கிடைத்தது. நாற்பது விநாடி. மெலிந்த, தலைமயிர் உள்ள அன்ட்ரூ நடுக்களத்தில் பந்தை வாங்குகிறான். பின்னால் ஒருவன் வருகிறான். பந்து பறிபோகிறது. மூன்று உதையில் கோல். கமரா அன்ட்ரூவின் முகத்துக்குப் போகிறது. முழங்காலில் நிற்கிறான், வாய் திறந்தபடி.

ஜெனாட் அந்த முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். பல மாதங்களில் அவனுக்குக் கிடைத்த நல்ல சந்தோசம் அது.

வியாழக்கிழமைப் பயிற்சி முடிந்து எல்லோரும் தண்ணீர்ப் போத்தல்களோடு கார்த் தரிப்பிடத்தில் நின்றபோது, ஃபோனை உயர்த்திப் பிடித்தான்.

"இஞ்ச வாங்கோடா. எங்கட கோச் பந்து குடுத்த கெட்டித்தனத்தைப் பாருங்கோ."

நாலைந்து பேர் கூடினார்கள். ஒருவன் 'ஓ ஷிற்' என்றான். பிரவீனன் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்ட்ரூ பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வந்து, ஜெனாட்டின் தோளுக்கு மேலால் முழுவதையும் பார்த்தான்.

"ஓம். அது நான்தான்," என்றான். "அதுக்குப் பிறகு அந்த டிவிஷனில ஒருத்தரும் என்னை எடுக்கேல்ல. நீ எத்தினை தரம் போட்டுப் பாத்தனி?"

"அது உங்களுக்கு என்னத்துக்கு?"

"பத்து? இருவது?"

ஜெனாட் ஃபோனை அணைத்தான்.

"என்னட்டைப் பந்தைப் பறிச்சவன் எந்தப் பக்கத்தால வந்தவன்? இடமோ, வலமோ?"

ஜெனாட்டுக்குத் தெரியவில்லை. அவன் அந்த முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தான். பொடியன்களில் ஒருவன் மூக்கால் சிரித்தான்.

"அதைத்தான் நான் சொல்லுறன்," என்று அன்ட்ரூ பந்துப் பையைக் காருக்குள் எறிந்தான். "வீடியோவில கூட நீ பின்னால பாக்கிறேல்ல."

அன்றைக்கு ஜெனாட் முடிவெடுத்தான். இவன் போகவேண்டும்.

ஓகஸ்ட் மாதச் சுற்றுப்போட்டி சனியும் ஞாயிறும் நடந்தது. பதினாறு ஊர்க் கழகங்கள். கொத்துரொட்டித் தட்டும் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று அமுக்கின. சனி முழுவதும் ஜெனாட் மாற்று ஆட்களின் வாங்கில் இருந்தான். மூன்று ஆட்டம், ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. தெரிந்தவர்கள் எல்லாம் வந்து கேட்டார்கள்: "என்னடா, காலில ஏதும் பிரச்சினையோ?" முதல் ஆளுக்கு ஓம் என்றான். பிறகு ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அணி மூன்றிலும் வென்றது. அது இன்னும் எரிச்சல்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவன் ஒழுங்கமைப்பாளர் கூடாரத்துக்குப் போனான். அங்கே இராஜரட்ணம் இருந்தார். அந்தச் சுற்றுப்போட்டிக்கு இருபது வருடமாகச் செயலாளர். சட்டப் புத்தகத்தைத் தொப்பிக்குக் கீழே வைத்துக்கொண்டு திரிகிறவர்.

"அங்கிள், ஏழாம் விதி இன்னும் இருக்குதோ?"

"ஏன் இல்லாமல்?" இராஜரட்ணம் பார்க்காமலே ஒப்புவித்தார். "களத்திலும் களத்தோரத்திலும் நிற்போர் அந்தந்த ஊரவராக இருத்தல் வேண்டும். ஊர் என்பது தகப்பனின் ஊர்."

"எங்கட கோச் மன்னார்."

இராஜரட்ணம் தேநீரைக் கீழே வைத்தார். "அவர் உங்கட மாப்பிள்ளை எண்டு அருள்நாயகம் சொன்னார்."

"மாப்பிள்ளை எண்டால் ஊரவனோ? விதியில அப்பிடி இருக்கோ?"

"இல்லைத்தான்." ஒரு முறைப்பாட்டுப் படிவத்தைத் தேடி எடுத்தார். "இது உங்கட சொந்த அணி, தம்பி. விளங்கித்தான் சொல்லுறீரோ? பேர் போடாத முறைப்பாடு நாங்கள் எடுக்கிறேல்ல."

"பேர் போடுறன்."

போட்டான். பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் இதைப் பார்க்கலாம் என்றார் இராஜரட்ணம். பரவாயில்லை. இறுதி ஆட்டம் நாலு மணிக்கு. அன்ட்ரூ இல்லாவிட்டால் அணியை அருள்நாயகம்தான் பார்ப்பார். அருள்நாயகம் பார்த்தால் ஆறாம் இலக்கம் யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை.

பதினொரு மணிக்கு அரையிறுதி. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பிரவீனன் துள்ளி இறங்கிய கால் மற்றவனின் சப்பாத்தில் பட்டு மடிந்தது. அவன் கத்திய சத்தம் கொத்துக் கடைவரைக்கும் கேட்டது. கணுக்கால் தேசிக்காய் அளவுக்கு வீங்கியது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அரையிறுதியை அணி வென்றது.

ஜெனாட் வாங்கில் இருந்து பார்த்தான். கொஞ்சம் பொறுத்திருந்தால் இடம் தானாக வந்திருக்கும். அது அவனுக்கு உடனே விளங்கியது. ஆனால் போய் முறைப்பாட்டைத் திருப்பி வாங்க அவன் எழும்பவில்லை. பிரவீனன் எழும்பினாலும் விழுந்தாலும் அன்ட்ரூ போகவேண்டியவன்தான்.

ஒரு மணிக்கு இராஜரட்ணம் எல்லோரையும் கூடாரத்துக்குக் கூப்பிட்டார். அருள்நாயகம், அன்ட்ரூ, பொடியன்கள். நீதி நியாயத்துக்காக, இறுதிக்கு வந்த மற்ற அணி நெடுங்கரைக்காரரின் பெரியவர் யேசுரட்ணத்தையும் கூப்பிட்டிருந்தார். முறைப்பாட்டை வாசித்தார். கடைசியில் பெயரையும் வாசித்தார்.

அருள்நாயகம், "டேய், நீயோ?" என்றார். அவ்வளவுதான். பொடியன்கள் ஜெனாட்டைப் பார்த்த பார்வை, சாப்பாட்டில் மயிர் கண்ட பார்வை.

"விதி விதிதானே," என்றான் ஜெனாட்.

அப்போது யேசுரட்ணம் தொண்டையைச் செருமினார். "ஓம், விதி விதிதான். அப்ப ஒண்டு கேக்கிறன். இந்தத் தம்பி ஆர்?"

"எங்கட ஜெனாட்," என்றார் அருள்நாயகம். "றீற்றான்ர மகன். சின்னக்குடா."

"றீற்றா சின்னக்குடா, சரி. தகப்பன்? தகப்பன் மட்டக்களப்பெல்லோ. மாக்கத்தில பிளாஸ்ரிக் ஃபக்டரியில என்னோட ஏழு வருசம் ஒரே மிசினில நிண்ட மனுசன். மூக்கு அப்பிடியே இருக்கு."

ஜெனாட்டின் தகப்பன் செத்துப் பன்னிரண்டு வருடம். மட்டக்களப்பில்தான் பிறந்தவர், அது அவனுக்குத் தெரியும். ஆனால் அதற்கும் தனக்கும் ஏதோ தொடர்பு இருப்பதாக அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆறு வயதில் கனடா வந்தவன். தாயின் ஆட்களோடு, தாயின் ஊர்த் திருநாளுக்குப் போய், தாயின் ஊர்ச் சட்டையைப் போட்டு வளர்ந்தவன். போன வருடம்வரை அருள்நாயகம் படிவத்தில் சின்னக்குடா என்று எழுதுவார், ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்த விதியைக் கையில் எடுத்தபோது, அது தன் கழுத்துக்கும் வரும் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை.

இராஜரட்ணம் தொப்பியைக் கழற்றி வைத்தார். "அப்ப ரெண்டு வெளியாள். விதிப்படி ரெண்டு பேரும் வெளியில. ஆனா இறுதி ஆட்டம், நாங்களும் மனுசர்தான். ஒராளுக்கு விடுறம். எவரெண்டு நீங்களே சொல்லுங்கோ. பட்டியலில கையெழுத்து வைக்கிறது கோச்தானே, அவரே எழுதட்டும்."

அருள்நாயகம் உடனே, "மாப்பிள்ளை, உங்கட பேரை எழுதுங்கோ," என்றார். ஜெனாட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அன்ட்ரூ பேனையை வாங்கினான். "பிரவீனன்ர கால் போட்டுது," என்றான். "நடுவில விடுறதுக்கு இவனைத் தவிர வேற ஆரும் இருக்கோ?"

இல்லை. எல்லோருக்கும் தெரியும்.

"அப்ப இவன்தான்." ஜெனாட்டின் பெயரை எழுதினான். "பிரான்சில என்னை ஒன்பது ஆட்டம் தடை போட்டு வேலிக்கு அங்கால விட்டவங்கள். எனக்கு அங்க நிண்டு பழக்கம்."

கூடாரத்துக்கு வெளியில் ஜெனாட் அவனை மறித்தான்.

"எனக்கு உங்கட பிச்சை வேண்டாம்."

"பிச்சையோ?" அன்ட்ரூ முதல்முறையாகச் சிரித்தான். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. "மே மாசம் படிவம் நிரப்பேக்க உன்னட்டைக் கேட்டனான், தகப்பன்ர ஊர் எது எண்டு. நீ சொன்னனி மட்டக்களப்பு எண்டு. நான் சின்னக்குடா எண்டு எழுதினனான். மறந்துபோனியோ?"

ஜெனாட்டுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"அப்ப தெரிஞ்சுகொண்டே…"

"உன்னை வெளியில இருத்த எனக்கு உன்ர அப்பான்ர ஊர் தேவைப்படேல்ல," என்றான் அன்ட்ரூ. "நீ பாக்கிறேல்ல. அது போதும்."

நாலு மணிக்கு விசில் ஊதியது. அணியில் ஒருவனும் ஜெனாட்டின் கையில் தட்டவில்லை. அருள்நாயகம் களத்தோரத்தில் நின்று கையை வீசினார். என்னத்துக்கு வீசுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. அன்ட்ரூ கம்பி வேலிக்கு அங்கால் நின்றான். ஒரு கையால் வேலியைப் பிடித்திருந்தான். மற்றக் கையில் அந்தப் பொறி.

முதல் ஐந்து நிமிடத்துக்கு ஜெனாட்டுக்குப் பந்தே தெரியவில்லை. முதுகு எரிந்தது. அங்கே ஒருவன் நின்று எண்ணுகிறான் என்ற நினைப்பு பிடரியில் ஈ மாதிரி இருந்தது. தாங்கமுடியாமல் திரும்பிப் பார்த்தான். வேலியோரம், மூலைக்கொடிக்குப் பக்கத்தில் நின்றான், நாய். ஜெனாட் மனதுக்குள் தூசணத்தால் ஏசினான். அந்த ஒரு பார்வையில், அன்ட்ரூவுக்கும் தனக்கும் இடையில் விதுர்சன் பதுங்கிப் பதுங்கி வருவதையும் கண்டான். பந்து வந்தது. நிறுத்தாமல் ஒரே தட்டில் மற்றப் பக்கத்துக்குப் போட்டான். விதுர்சன் வெறும் காற்றில் காலை விட்டான்.

பிறகு மறுபடி பார்த்தான். மூலைக்கொடிக்குப் பக்கத்தில் ஆளில்லை. எங்கே போனான்? இடது தோளால் பார்த்தான், வலது தோளால் பார்த்தான். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றான். அடுத்த முறை மறுகரையில், சனத்துக்கு நடுவில். ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறான். விட்டுவிட்டு விளையாடலாம், ஆனால் அவன் எங்கே நின்று எண்ணுகிறான் என்று தெரியாமல் ஜெனாட்டால் மூச்சு விடமுடியவில்லை. தேடினான். தேடிய ஒவ்வொரு முறையும் களம் கண்ணில் விழுந்தது. யார் தனியாக நிற்கிறான், யார் களைத்துவிட்டான், எங்கே ஓட்டை. அவனுக்கு அது வேண்டியிருக்கவில்லை. தானாக விழுந்தது.

எட்டு வருடத்தில் அவன் அப்படி விளையாடியதில்லை. அதை அவனும் அறிந்தான், அறிந்ததால் கோபம் இரட்டித்தது.

நாற்பத்துநாலாம் நிமிடம் விதுர்சன் மூன்றாம் முறையாகப் பின்னால் வந்தான். அவன் வருவதை ஜெனாட் முன்பே கண்டிருந்தான். பந்தைக் காலுக்கு அடியால் விட்டுத் திரும்பினான். விதுர்சன் கடந்து போய்விட்டான். முன்னால் வலது பக்கம் வெறுமையாகக் கிடந்தது. நீட்டிப் போட்டான். கிருஷாந் ஓடிப்போய் அடித்தான். ஒன்றுக்குப் பூச்சியம். அப்படியே முடிந்தது.

பொடியன்கள் கிருஷாந்தைத் தூக்கினார்கள். ஒருவன் ஜெனாட்டின் முதுகில் தட்டினான், தட்டியபிறகுதான் யாரென்று பார்த்துக் கையை எடுத்தான். அருள்நாயகம் படம் எடுக்க எல்லோரையும் கூப்பிட்டார். "ஊர்ப்பொடியள் எல்லாம் வாங்கோ, ஊர்ப்பொடியள்." கூப்பிடும்போது அவருடைய கண் ஜெனாட்டைத் தாண்டிப் போனது. ஜெனாட் போகவில்லை. வேலியடிக்குப் போனான்.

அன்ட்ரூ பொறியைக் காட்டினான். எண்பத்தாறு.

"எண்பத்தாறு," என்றான் ஜெனாட். "இப்ப என்ன சொல்லுறீர்?"

"அதில எழுவது என்னைப் பாத்தது. அதுகளைக் கழிச்சுத்தான் எண்ணவேணும்."

"எப்பிடித் தெரியும்?"

"நான் உன்னையெல்லோ பாத்துக்கொண்டு நிண்டனான். ஏசினதும் தெரிஞ்சது. வாய் அசையுது."

"ஏன் இடம் மாறி மாறி நிண்டனீர்?"

அன்ட்ரூ பொறியின் பக்கத்தில் இருந்த குமிழைத் திருகினான். இலக்கங்கள் சுற்றிப் பூச்சியத்துக்கு வந்தன.

"பிரவீனன்ர கால் சரிவந்தால் நீ வெளியில," என்றான். "இப்பவே சொல்லிப்போட்டன். பிறகு கூடாரத்துக்கு ஓடாத."

"சரிவராட்டி?"

"சரிவராட்டி உள்ள. எனக்கு வேற ஆளில்லை."

கை கொடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் வேலி இருந்தது. இல்லாவிட்டாலும் கொடுத்திருக்கமாட்டார்கள்.

ஜெனாட் காரில் ஏறியபோது ஃபோனில் அணிக் குழுவில் செய்தி வந்திருந்தது. பிரவீனனின் காலில் மயிரிழை முறிவு, ஆறு கிழமை. கீழே எல்லோரும் அழுமூஞ்சிப் படங்கள் போட்டிருந்தார்கள். ஜெனாட் எண்ணிப் பார்த்தான். ஆறு கிழமை என்றால் பருவம் முடியும். அவனுக்கு முதலில் வந்தது சந்தோசம். இரண்டாவதாக வேறு ஏதாவது வரும் என்று கொஞ்சம் பார்த்திருந்தான்; ஒன்றும் வரவில்லை. ஃபோனைப் பக்கத்துச் சீற்றில் எறிந்தான்.

ஏழு மணிக்கு பிறம்ரனில் வேலை. நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் மேற்குப் பக்கம் வாகனங்கள் நெருக்கி நின்றன, வெயில் நேரே கண்ணில் அடித்தது. கீல் தெருவுக்குக் கிட்ட வழித்தடம் மாற சிக்னலைப் போட்டான். பதினைந்து வருடமாகக் கண்ணாடியை மட்டும் பார்த்துவிட்டு வெட்டுகிறவன். இன்றைக்குத் தலை தானாகத் திரும்பி, தோளுக்கு மேலால் பின்னால் பார்த்தது. கண்ணாடியில் விழாத மூலையில் ஒரு கறுப்பு லொறி வந்துகொண்டிருந்தது.

ஜெனாட் லொறியைப் போகவிட்டான். பிறகு ஸ்ரியரிங்கில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்து, அந்தப் பிரெஞ்சுக்காரனை அவனுடைய பரம்பரையோடு சேர்த்து ஏசினான். ஏசிவிட்டு இன்னொருமுறை திரும்பிப் பார்த்துத்தான் தடம் மாறினான்.